பஞ்சாங்கம் பாராமல் நிலவு நேரம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேறு எதற்கோ பதில் எழுதும்போது, திதி தெரிந்தால் நிலவு எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்கு மறையும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம் என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இம்முறை முழுக்க. சினிமாக் கேள்வி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்க வேண்டும்.

கோண்டாவில் வாசகர்: மனக்கணக்கு என்று எழுதிவிட்டுக் கணக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

சரி, சொல்கிறேன். நிலவும் சூரியனைப் போலக் கிழக்கே உதித்து மேற்கே மறைகிறது. ஆனால் ஒவ்வொரு நாளும் சூரியனை விட ஏறக்குறைய 12 பாகை பின்தங்கிவிடும். அந்த 12 பாகையைத்தான் ஒரு திதி என்கிறோம். 30 திதி போனால் 360 பாகை, ஒரு சுற்று முடிந்து மறுபடி அமாவாசை. பூமி 12 பாகை சுழல 48 நிமிடம் ஆகும். ஒரு நாழிகை 24 நிமிடம் என்றால் இது சரியாக 2 நாழிகை. ஆக, திதிக்கு இரண்டு நாழிகை. இவ்வளவுதான் கணக்கு.

வளர்பிறையில் திதி எண்ணை 48 ஆல் பெருக்கி, பொழுதுபட்ட நேரத்தோடு கூட்டுங்கள். நிலவு மறையும் நேரம் வரும். தேய்பிறையில் அதே கணக்கு நிலவு உதிக்கும் நேரத்தைத் தரும். யாழ்ப்பாணத்தில் பொழுதுபடுவது வருடம் முழுக்க ஐந்தே முக்காலுக்கும் ஆறரை தாண்டிய சில நிமிடங்களுக்கும் இடையில்தான். இன்று 6.20க்குப் பொழுதுபடுகிறது, வளர்பிறைப் பஞ்சமி என்று வையுங்கள்: ஐந்து நாற்பத்தெட்டு 240 நிமிடம், நாலு மணித்தியாலம், நிலவு 10.20 அளவில் மறையும். தேய்பிறை அட்டமி என்றால் 384 நிமிடம், சாமம் பன்னிரண்டே முக்காலுக்குத்தான் கிழக்கே தலை காட்டும்.

அரை மணித்தியாலம் முன்பின் ஆகலாம், அதற்காக எனக்குக் கடிதம் போட வேண்டாம். திதி பொழுதுபடுகிற நேரத்தில் தொடங்கி முடிவதில்லை, எந்த மணிக்கும் மாறும். அதோடு நிலவு பூமிக்குக் கிட்ட வரும்போது வேகமாகவும் தூரப் போகும்போது மெதுவாகவும் ஓடுவதால் ஒரு திதி 19 மணித்தியாலத்திலும் முடியலாம், 26 மணித்தியாலத்துக்கும் இழுபடலாம். பூமி 48 நிமிடம் சுழன்று முடிக்கிற நேரத்தில் நிலவும் இன்னும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், உண்மையான பிந்தல் சராசரியாக நாளுக்கு 50 நிமிடம். நம்முடைய ஊரில் இது 40க்கும் 60க்கும் இடையில் ஆடும். லண்டன் பக்கம் சில மாதம் 20 நிமிடத்துக்குள் அடங்கும், சில மாதம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும். அந்த விதத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள், இந்தக் கணக்கு இங்கே நன்றாகவே வேலை செய்யும்.

தரம் 10 மாணவி, சாவகச்சேரி: ஒரு மாதம் நிலவைக் கவனித்துக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எப்போது, எங்கே நின்று பார்ப்பது?

பிள்ளை, முதலில் ஒன்று. நிலவு உதிக்கும் நேரத்தைப் பிடிக்கிறேன் என்று இரவிரவாக முழித்திருக்க வேண்டாம். ஒரே இடத்தில் நின்று ஒரே நேரத்தில் பார்த்தாலே காணும். அமாவாசை கழிந்த பதினைந்து நாளும் பின்னேரம் ஏழு மணி. பறுவம், அதாவது பௌர்ணமி, கழிந்த பதினைந்து நாளும் விடிய ஐந்தரை. எந்தக் கடற்கரைக்கும் போகத் தேவையில்லை, உங்கள் வளவிலேயே கிழக்கும் மேற்கும் ஓரளவு வெளியாகத் தெரிகிற ஓர் இடத்தைப் பிடித்து, அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு எப்போதும் அதன்மேல் நின்று பாருங்கள். வேலிப் பனை, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தாங்கி, ரெலிபோன் கம்பம், கண்ணில் படுவதையெல்லாம் கொப்பியில் ஒரே ஒரு தரம் கீறி வைத்துக்கொண்டால், பிறகு ஒவ்வொரு நாளும் நிலவு நிற்கிற இடத்தில் ஒரு வட்டம், வெளிச்சப் பக்கம் எது, திகதி, இந்த மூன்றும்தான் வேலை.

கையை நேராக நீட்டி விரல்களைப் பொத்தினால் அந்தப் பொத்தலின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. இன்று ஏழு மணிக்கு நிலவு தண்ணீர்த்தாங்கிக்கு நேரே நின்றால், நாளைக்கு அதே ஏழு மணிக்கு ஒரு பொத்தலும் கொஞ்சமும் கிழக்கே தள்ளி நிற்கும். மூன்றாம் நாள் மேற்கே பதிவாக, எட்டாம் நாள் தலைக்கு மேலே, பதினைந்தாம் நாள் கிழக்கு வேலியில். பிறகு விடியப்புறம் பார்த்தால் அதே கூத்து மறுபடி: பறுவம் கழிந்த அன்று மேற்கே, தேய்பிறை அட்டமிக்கு உச்சியில், அமாவாசைக்கு முந்தின நாட்களில் கிழக்கே ஒரு கீற்று.

எப்போது தொடங்குவது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், மாரி முகில் பாதி நாளைத் தின்றுவிடும். நல்லூர்த் திருவிழா நல்ல சந்தர்ப்பம். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடி ஏறி ஆவணி அமாவாசையில் தீர்த்தம். ஆறாம் திதியில் தொடங்கி முப்பதாம் திதி வரை, 25 திருவிழாவும் நிலவோடு சேர்ந்தே ஓடுகிறது. 2025இல் யூலை 29 கொடியேற்றம், ஓகஸ்ட் 22 தீர்த்தம். அந்த வருடம் மூன்றாம் நாலாம் திருவிழாவுக்கு அரை நிலவு, பன்னிரண்டாம் திருவிழாவோடு பறுவம், பத்தொன்பதாம் திருவிழாவுக்கு மறுபடி அரை நிலவு. தேருக்கு விடிய வேளைக்கே போகிறவர்கள் ஐந்து மணிபோல் கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் மெல்லிய தேய்பிறை நிற்கும். கொப்பியில் திகதிக்குப் பக்கத்தில் எத்தனையாம் திருவிழா என்றும் எழுதுங்கள், உங்கள் ரீச்சருக்குப் பிடிக்கும்.

அம்மம்மா ஒருவர், உரும்பிராய்: ரொறன்ரோவில் இருக்கிற பேரன் பிறையைப் படம் எடுத்து அனுப்பினான். அது நிமிர்ந்து நிற்கிறது. இங்கே தோணி மாதிரிக் கிடக்கிறது. இரண்டும் ஒரே நிலவு என்று அவன் சொன்னால் எப்படி நம்புவது?

அவர் சொல்வது சரி அம்மா, நீங்கள் கண்டதும் சரி. பிறையில் வெளிச்சம் உள்ள பக்கம் எப்போதும் சூரியன் நிற்கிற பக்கம். யாழ்ப்பாணம் பூமத்திய கோட்டுக்கு வடக்கே 9.7 பாகையில் கிடக்கிறது, அதனால் இங்கே சூரியன் ஏறக்குறைய நேராகவே கீழே இறங்கும். பின்னால் வருகிற நிலவு சூரியனுக்கு நேர் மேலே நிற்பதால் அதன் அடிப்பக்கம் வெளிக்கிறது, நமக்குத் தோணி. ரொறன்ரோ 44 பாகையில் இருக்கிறது. அங்கே சூரியன் வலப்பக்கமாகச் சரிந்து சரிந்து இறங்க, நிலவு அதற்கு இடப்பக்கம் மேலே தள்ளி நிற்கும், வெளிச்சம் வலக் கன்னத்தில் விழும். அதனால் பிறை நிமிர்ந்துவிடுகிறது.

நம்முடைய தோணியும் வருடம் முழுக்க ஒரே மட்டமாகக் கிடப்பதில்லை. பங்குனியில் வாய் கொஞ்சம் வடக்கே சரியும், புரட்டாதியில் தெற்குப் பக்கம் நன்றாகவே சரிந்துவிடும். ரொறன்ரோவில் புரட்டாதிப் பிறை கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும், பங்குனியில்தான் ஓரளவு தோணிக்குக் கிட்ட வரும். ஆகவே பேரனைப் பங்குனியில் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள், புரட்டாதியில் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அவர் பின்னேரம் ஏழு மணிக்குப் படம் எடுக்கும்போது உங்களுக்கு மறுநாள் விடியப்புறம் ஆகிவிடும். அதற்குள் நிலவு சூரியனை விட்டு இன்னும் ஐந்து பாகை விலகியிருக்கும். அவருடைய பிறை உங்கள் பிறையை விடக் கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தால் கமராவைக் குறை சொல்லக் கூடாது.

மானிப்பாய் வாசகி: பகலில் நிலவு தெரிகிறது என்று என் மகன் பள்ளிக்கூடம் போகும்போது ஒவ்வொரு நாளும் காட்டுகிறான். இது வழமையா?

வழமைதான். தேய்பிறையில் பொழுது விடிந்த பிறகும் நிலவு மேற்கே நிற்கும். தேய்பிறை அட்டமி நிலவு மதியம்போல்தான் மறையும். வளர்பிறை அட்டமி நிலவு மதியமே உதித்துவிடும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கிழக்கே தேடச் சொல்லுங்கள். நிலவு இரவுக்கு மட்டும் உரியது என்று பாட்டுகள்தான் சொல்கின்றன.

சுன்னாகம் வாசகர்: போனில் உள்ள நிலவு ஆப்பில் ஒரு திகதிக்கு உதயம் என்ற இடத்தில் வெறும் கோடு போட்டிருக்கிறது. ஆப் பிழையா?

பிழை இல்லை. திங்கள் இரவு 11.40க்கு நிலவு உதித்தது என்று வையுங்கள். அடுத்த உதயம் 50 நிமிடம் பிந்தி, 12.30க்கு. அதற்குள் நடுச்சாமம் தாண்டிப் புதன்கிழமை ஆகிவிட்டதே, செவ்வாய்க்கு உதயமே இல்லை. தேய்பிறை அரை நிலவை ஒட்டி மாதத்துக்கு ஒரு நாள் இப்படி வரும். வளர்பிறை அரை நிலவை ஒட்டி, மறைவு இல்லாத நாள் ஒன்று வரும்.

நெல்லியடி வாசகர்: திதி 30, நட்சத்திரம் 27. ஒரே நிலவுக்கு ஏன் இரண்டு கணக்கு?

நிலவு ஒரு நட்சத்திரத்தில் புறப்பட்டு அதே நட்சத்திரத்துக்குத் திரும்பி வர 27.3 நாள். அதற்குள் சூரியனும் சும்மா நிற்கவில்லை, 27 பாகை தள்ளிப் போயிருக்கும். அதை எட்டிப் பிடிக்க நிலவுக்கு இன்னும் இரண்டு நாளுக்குக் கொஞ்சம் கூட வேண்டும், மொத்தம் 29.53 நாள். முதலாவது நட்சத்திரக் கணக்கு, இரண்டாவது திதிக் கணக்கு. பிறந்தநாளை நட்சத்திரத்திலும் திவசத்தைத் திதியிலும் பார்க்கிற நமக்கு இரண்டும் தேவை. தமிழ் மாதம் சூரியனை வைத்து 29 முதல் 32 நாள் வரை போவதால் சில மாதத்தில் ஒரே நட்சத்திரம் இரண்டு தரம் வருகிறது. இதை வானத்திலேயே பார்க்கலாம். கார்த்திகை விளக்கீட்டன்று மழை விட்டால் நிலவுக்குக் கிட்டக் கார்த்திகைக் கூட்டம் நிற்கும், மறுநாள் சிவப்பு உரோகிணிக்குப் பக்கத்தில் போய்விடும்.

இணுவில் வாசகர்: வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒரு நேரம், திருக்கணிதத்தில் ஒரு நேரம். உங்கள் கணக்குக்கு எதைப் பார்ப்பது? ஒளிக்காமல் சொல்லவும்.

வானத்தில் நிற்கிற நிலவோடு ஒத்துப்போவது திருக்கணிதம். கோயிலில் எதன்படி செய்கிறார்களோ அதன்படி விரதம் பிடியுங்கள், அந்த வழக்குக்குள் நான் வரவில்லை.

ஆனால் வாக்கியத்தைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிலவு பூமிக்குக் கிட்ட வந்த இடத்தில் இருந்து மறுபடி கிட்ட வர 27.55 நாள். இப்படி 9 சுற்றுப் போனால் கிட்டத்தட்ட மிச்சமில்லாமல் 248 நாள். அந்த 248 நாளுக்கும் நிலவு எங்கே நிற்கும் என்பதை, எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்து 248 சின்னச் சின்ன வாக்கியங்களாகக் கட்டிப் பாடமாக்கினார்கள். வரருசி என்ற பழங்காலக் கணிதர் செய்தது என்று மரபு. கடதாசி வேண்டாம், அட்டவணை வேண்டாம், வாய்ப்பாடம் காணும். 1825இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் நிலத்தில் சோழிகளைப் பரப்பி, வாக்கியத்தை வாயாலே சொல்லிச் சொல்லி, சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதை ஜோன் வாரன் என்ற ஐரோப்பியர் எழுதி வைத்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரம் 4 நிமிடம்தான் தவறியது. முடிகிற நேரம் 52 நிமிடம் தவறியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எங்கே பிசகுகிறது என்றால், சூரியனின் இழுப்பால் நிலவின் ஓட்டத்தில் வருகிற சில ஏற்ற இறக்கங்கள் பழைய கணக்கில் இல்லை. அந்தக் காலத்தில் கணக்கைச் சரிபார்க்கக் கிடைத்த சாட்சி கிரகணம்தான், கிரகணம் வருவது அமாவாசையிலும் பறுவத்திலும் மட்டும். அதனால் அந்த இரண்டு இடத்திலும் வாக்கியம் நன்றாகப் பொருந்தும், அட்டமியை ஒட்டித்தான் வித்தியாசம் கூடும், நாலைந்து மணித்தியாலம் வரைகூடப் போகலாம். இரண்டு பஞ்சாங்கத்தையும் வைத்திருக்கிறீர்கள்தானே, ஒரு மாதம் அட்டமி முடிகிற நேரத்தையும் பறுவம் முடிகிற நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்கிறார்களே? (கைதடி)

சதுர்த்தி நிலவு நாலு நாற்பத்தெட்டு 192 நிமிடம், இரவு ஒன்பதரை வரை மேற்கே தொங்கிக்கொண்டிருக்கும். ஒழுங்கையால் சைக்கிளில் போகிற எவரும் அதற்குத் தப்ப ஏலாது. அப்படியானால் யாழ்ப்பாணம் முழுக்கப் பாடுதான். சாவகச்சேரிப் பிள்ளை கொப்பியில் நாலாம் நாளை வெறுமையாக விட வேண்டாம்.

குருநகர் வாசகர்: நிலவு காலத்தில் வலையில் படுவது குறைவு என்று அப்பு சொல்வார். இருட்டுக் காலம் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று உங்கள் கணக்கால் சொல்ல முடியுமா?

அப்பு சொன்னது சரி. வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரியும். லைற் பாய்ச்சித் தொழில் செய்கிறவருக்கோ வானத்திலேயே பெரிய லைற் எரிந்தால் தன்னுடைய லைற்றுக்கு மீன் வராது. கணக்கு அதேதான். வளர்பிறையில் நிலவு மறைந்த பிறகு விடியும் வரை இருட்டு, தேய்பிறையில் பொழுதுபட்டதில் இருந்து நிலவு உதிக்கும் வரை இருட்டு. தேய்பிறைச் சட்டி, அதாவது ஆறாம் திதி, என்றால் 288 நிமிடம், முன்னிரவில் ஐந்து மணித்தியாலம் கையில் இருக்கிறது. கடல் மட்டத்தில் கருக்கல் வெளிச்சத்துக்கு ஒரு மணித்தியாலத்தைக் கழித்துவிடுங்கள்.

நீர் ஏறுவதும் வற்றுவதும் இதே 50 நிமிடக் கணக்கில்தான் நாளுக்கு நாள் பிந்தும். அமாவாசை, பறுவத்தை ஒட்டி ஏற்றமும் வற்றும் கூட, அட்டமியை ஒட்டிக் குறைய. நம்முடைய கடலில் அந்த ஏற்றம் ஒரு மீற்றரை எட்டாது, ஆனாலும் பரவைக்கடலில் களங்கண்டி வலை போடுகிறவருக்கு ஒரு சாணும் பெரிய விசயம்.

இளைப்பாறிய தபால் உத்தியோகத்தர், கரவெட்டி: ஞாயிறு லீவை எடுத்துவிட்டுப் போயா லீவு தந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? சில வாரம் எட்டு நாளாக இழுத்ததே!

1966இல் தொடங்கி 1971 வரை. அமாவாசை, பறுவம், இரண்டு அட்டமி, இந்த நாலும்தான் ஓய்வு நாள். நிலவு மாதம் 29.53 நாள், அதை நாலாகப் பிரித்தால் 7.38. ஏழும் இல்லை, எட்டும் இல்லை. ஆகவே சில வாரம் ஏழு நாளும் சில வாரம் எட்டு நாளுமாக வந்தே தீரும். வெளியூர் வங்கியும் கப்பலும் ஞாயிற்றுக்கிழமையில் நிற்க, இங்கே லீவு செவ்வாயில் வரும், மறுகிழமை புதனில் வரும். நிலவை வைத்து அலுவலகம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நாடு முழுக்க ஐந்து வருடம் பார்த்தது. இப்போது பறுவத்துக்கு மட்டும் லீவு மிஞ்சியிருக்கிறது.

உதிக்கிற பறுவ நிலவு பெரிதாகத் தெரிவது ஏன்? (அச்சுவேலி)

கண் செய்கிற வேலை. நீட்டிய கையில் ஒரு பென்சிலைப் பிடித்து மறைத்துப் பாருங்கள், உதிக்கும்போதும் பென்சில் தடிப்பு போதும், உச்சியிலும் அதே தடிப்பு போதும். உண்மையில் உதிக்கிற நிலவு உச்சி நிலவை விட 6,400 கிலோமீற்றர் அளவுக்குத் தூரத்தில் இருப்பதால் ஒரு துளி சின்னது.

வேலணை வாசகி: எங்கள் வீட்டு வடக்கு யன்னலால் மார்கழி மாதத்தில் நிலவு உள்ளே எறிக்கிறது, ஆனியில் எறிப்பதில்லை. பாடப் புத்தகத்தில் நிலவு தெற்குப் பக்கமாகத்தான் போகும் என்று படித்த ஞாபகம்.

அந்தப் புத்தகம் ஐரோப்பாவில் எழுதியதாக இருக்கும். பறுவ நிலவு எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம். மார்கழியில் சூரியன் தெற்கே போய்விட, பறுவ நிலவு வடகிழக்கே உதித்து, நடுச்சாமத்தில் நம்முடைய உச்சிக்கும் வடக்கே நின்று, வடமேற்கே மறையும். ஆனி மாதத்து வெயில் உங்கள் வீட்டுக்கு எந்த யன்னலால் வருகிறதோ, மார்கழி நிலவும் அந்த யன்னலால்தான். ஆனிப் பறுவம் இதற்கு மறுதலை, தெற்கே 28 முதல் 38 பாகை வரை சரிந்து போகும், வடக்கு யன்னலுக்கு எட்டாது.

மார்கழி நிலவும் எல்லா வருடமும் ஒரே அளவு வடக்கே போவதில்லை. நிலவின் பாதை சூரியன் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது, அந்தச் சாய்வு 18.6 வருடத்துக்கு ஒரு தரம் சுற்றி வருகிறது. 2024, 2025இல் அது உச்சத்தில் இருந்தது, மார்கழிப் பறுவம் உச்சிக்கு வடக்கே 19 பாகை வரை போனது. 2034 அளவில் 9 பாகையோடு நின்றுவிடும். யன்னலால் நிலவு தரையில் எதுவரை வந்து விழுகிறது என்று ஒரு சோக்கட்டியால் கோடு போட்டு வைத்தால் வருடா வருடம் அது சுருங்குவதைப் பார்க்கலாம், நடுவில் சீமெந்து பூசிவிடாதீர்கள்.